'சந்துக்கடை'ன்னா என்ன? நாமக்கல்லில் கைது, டோக்கியோவில் டூரிஸ்ட் ஸ்பாட்... ஒரு சந்து இரண்டு ஊரில் இரண்டு அர்த்தம் ஆன கதை!

சேலம், நாமக்கல் மாவட்டச் செய்திகளைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இந்த வரி ரொம்பப் பழக்கம்: "சந்துக்கடையில் மது விற்றவர் கைது." பள்ளிபாளையம், குமாரபாளையம், ராசிபுரம், ஆத்தூர், ஓமலூர் என்று ஊர்ப் பெயர் மட்டும் மாறும். மற்றபடி அதே வரிதான். சென்னைப் பக்கமிருந்து செய்தி டெஸ்க்குக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள்: "அதென்னங்க சந்துக்கடை? பெட்டிக்கடை மாதிரியா?"

பெட்டிக்கடை இல்லை. கடை என்றே சொல்ல முடியாது. போர்டு கிடையாது, ஷட்டர் கிடையாது. ஒரு வீட்டுத் திண்ணை, ஒரு மாட்டுக்கொட்டகை, சில நேரம் ஒரு டூவீலரின் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டி. இதுதான் சந்துக்கடை.

இன்னொரு பக்கம், டோக்கியோ போகிற நம்ம ஊர் யூடியூபர்கள் பலர் தவறாமல் காட்டுவதும் ஒரு சந்துதான். ஆளுக்கு ஆள் தோள் இடிக்கிற அகலம். இரண்டு பக்கமும் எட்டுப் பத்துப் பேர் உட்காரும் குட்டிக் கடைகள். வாசலில் சிவப்பு லாந்தர். இதை ஜப்பானியர்கள் 'யோகோச்சோ' என்கிறார்கள். 'யோகோ' என்றால் பக்கவாட்டு, 'ச்சோ' என்றால் தெரு. தமிழில் சொன்னால் சந்து. அவ்வளவுதான்.

ஒரே சொல். அங்கே அது சுற்றுலாக் கையேட்டில் வருகிறது. இங்கே எஃப்.ஐ.ஆரில் வருகிறது. ஏன் இப்படி?

சந்துக்கடையில் விற்பது கள்ளச்சாராயமா?

பெரும்பாலும் இல்லை. இதைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். சந்துக்கடையில் இருப்பது அநேகமாக டாஸ்மாக்கில் வாங்கிய அதே பாட்டில்தான். ராத்திரி கடை மூடுவதற்குள் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வார்கள். டாஸ்மாக் நேரம் பகல் 12 மணியிலிருந்து இரவு 10 மணி வரை. அந்த நேரத்துக்கு வெளியே, விலையில் கொஞ்சம் ஏற்றி விற்பார்கள். காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு தினம் போன்ற விடுமுறை நாட்களில் விலை இன்னும் ஏறும்.

அதாவது சரக்கு அரசாங்கத்துடையது. நேரமும் இடமும்தான் அரசாங்கத்துடையது இல்லை.

சரி, மற்ற ஊர்களிலும் இது நடக்கத்தானே செய்கிறது? நடக்கிறது. 'கள்ளத்தனமாக மது விற்பனை', 'பிளாக்கில் விற்பனை' என்று அங்கெல்லாம் எழுதுகிறோம். ஆனால் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம்தான் அதற்கென்று ஒரு தனிப் பெயர் ஊன்றி நிற்கிறது. பெயர் வைக்கிற அளவுக்கு ஒரு விஷயம் அன்றாடமாகிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பகுதியின் வேலை நேரத்தையும் பாருங்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் 12 மணி நேர ஷிஃப்ட். நைட் ஷிஃப்ட் முடிந்து தறிக்காரர் வெளியே வருவது காலையில். நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களுக்கு ராத்திரி பகல் என்ற கணக்கே கிடையாது. டாஸ்மாக் திறக்காத நேரத்தில்தான் இவர்களில் பலருக்கு வேலை முடிகிறது. சந்துக்கடை அந்த இடைவெளியில் முளைத்தது என்பது என் கணிப்பு. அதைக் காரணமாகச் சொல்லி நியாயப்படுத்த முடியாது. காலை 6 மணிக்கு ஒரு தெருவில் பாட்டில் கிடைக்கிறது என்றால், சம்பளக் காசு வீட்டுக்கு வரும் வழியிலேயே நின்றுவிடுகிறது என்று அர்த்தம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் காலி பாட்டில்களோடு வந்து மனு கொடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்களாக இருப்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

டோக்கியோ சந்து மட்டும் எப்படி அழகாச்சு?

அதுவும் பிறந்தபோது அழகில்லை. ஷின்ஜுகு ரயில் நிலையத்தின் பக்கத்தில் இருக்கும் 'ஓமோய்தே யோகோச்சோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். 'நினைவுச் சந்து' என்று பொருள். இரண்டாம் உலகப் போரில் டோக்கியோ எரிந்து தரைமட்டமான பிறகு, அங்கே முளைத்தது கள்ளச்சந்தை. ஜப்பானிய மொழியில் 'யாமி இச்சி', அதாவது இருட்டுச் சந்தை. ரேஷன் காலத்தில் கிடைத்ததை வைத்துக் கொதிக்க வைத்தும் சுட்டும் விற்ற தட்டுக்கடைகள்தான் பின்னாளில் உரிமம் பெற்ற குடிக்கடைகள் ஆயின. பக்கத்திலேயே இருக்கும் 'கோல்டன் காய்' பகுதியிலும் ஆறு சந்துகளில் 200 அளவில் குட்டி பார்கள் இருக்கின்றன. அதற்கும் இதே போர்க்கால முன்கதைதான்.

ஆக, அவர்கள் சந்தும் சட்டத்துக்கு வெளியேதான் தொடங்கியது. சட்டம் பிறகு உள்ளே வந்து, இடத்தை ஒப்புக்கொண்டு, விதி போட்டது.

ஜப்பானியர்களின் குடிச் சொற்களைக் கொஞ்சம் கவனித்தால் ஒரு விஷயம் புலப்படும். பெரும்பாலானவை உட்காரும் இடத்தையும், கூட இருக்கும் ஆளையும் பற்றியவை. 'இசகாயா' என்ற சொல்லை இப்போது இந்தியப் பெருநகர ஹோட்டல் போர்டுகளிலும் பார்க்கலாம். 'சகாயா' என்றால் மதுக்கடை. முன்னால் இருக்கும் 'இ' என்பது 'இருத்தல்'. எடோ காலத்தில், பாட்டிலை வாங்கிக்கொண்டு போகாமல் கடையிலேயே உட்கார்ந்து குடித்தவர்களால் வந்த பெயர். இருந்து குடிக்கும் கடை! நம் 'இரு'வும் அவர்கள் 'இ'யும் ஒன்றுதானா என்று தமிழ் படித்தவர்களுக்குக் கை அரிக்கும். வேண்டாம், அந்த வாட்ஸ்அப் ஆராய்ச்சிக்குள் இப்போது போக வேண்டாம்.

மதுக்கடையில் நின்றபடியே ஒரு கிளாஸ் முடித்துவிட்டுப் போனால் அதற்கு 'ககுஉச்சி'. ஒரு கடையில் ஆரம்பித்து அடுத்த கடை, அதற்கடுத்த கடை என்று ஏறிப்போனால் 'ஹஷிகோ ஸகே', அதாவது ஏணிக் குடி. ஆபீஸ் விருந்து முடிந்து பாதிப் பேர் வேறு இடத்துக்குப் போய்த் தொடர்வது 'நிஜிகாய்', இரண்டாம் கூட்டம். தள்ளாடி நடந்தால் 'சிதோரி அஷி'. உப்புக்கொத்திக் குருவியின் கால் என்று அர்த்தம், அந்தக் குருவி காலைக் குறுக்கே குறுக்கே வைத்து நடக்குமாம். மறுநாள் தலைவலிக்கு 'ஃபுட்சுகாயோய்', இரண்டு நாள் போதை.

இரவுநேரக் கேளிக்கைத் தொழில் மொத்தத்துக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மிசு ஷோபாய்'. நேர்ப்பொருள்: தண்ணீர் வியாபாரம். 'தண்ணி அடிக்கிறது' என்று சொல்லும் நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ரொம்ப ரசிக்கவும் வேண்டாம். அங்கேயும் கசப்பான சொற்கள் உண்டு. மேலதிகாரி வற்புறுத்திக் குடிக்க வைப்பதற்கு 'அருஹாரா' என்று ஒரு சொல்லே உருவாகிவிட்டது. ஒரே மூச்சில் குடிக்கச் சொல்லும் 'இக்கி நோமி' கல்லூரி மாணவர்களின் உயிரைக் குடித்திருக்கிறது. ஜப்பான் அரசுக்கும் வருமானக் கவலை உண்டு. 1980-ல் வரி வருவாயில் சுமார் 5 சதவீதமாக இருந்த மதுவரி 2020-ல் 2 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. 2022-ல் அந்நாட்டு வரித்துறை 'சாகே விவா' என்று ஒரு போட்டி வைத்து, இளைஞர்களை மறுபடி குடிக்க வைக்க யோசனை சொல்லுங்கள் என்று இளைஞர்களிடமே கேட்டது. இதை நம் ஊர் அரசு செய்திருந்தால் அன்று இரவு எங்கள் சேனலில் எத்தனை விவாதம் ஓடியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நம்மிடம் அப்படிச் சொற்களே இல்லையா?

இருந்தன. நிறையவே இருந்தன. கள், நறவு, தேறல், தோப்பி, மட்டு, பிழி, அரியல் என்று சங்க இலக்கியத்தில் மட்டும் ஒரு பட்டியல் தேறும். எல்லாம் ஒன்றில்லை. தேறல் என்பது தெளிவு, தோப்பி என்பது நெல்லில் செய்தது.

டோக்கியோவின் சிவப்பு லாந்தருக்கு 'அக்கா சோச்சின்' என்று பெயர். அந்த லாந்தர் தொங்கினால் உள்ளே மலிவாகக் குடிக்கலாம் என்று பொருள். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, மது விற்கும் இடத்தில் கொடி பறந்ததைச் சொல்கிறது. நம்மிடமும் வாசலில் ஓர் அடையாளம் இருந்திருக்கிறது. மறைக்க அல்ல, காட்ட.

இந்த நிலத்துக்கே உரிய சாட்சி ஒன்றும் உண்டு. தகடூர் அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் தான் குடிக்காமல் எங்களுக்குக் கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து குடிப்பான் என்று அழுகிறார் அந்தப் புலவர். தகடூர் என்றால் இன்றைய தருமபுரி. 1965 வரை அது சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. ஒரு அரசனின் பண்பைச் சொல்ல அவன் கள்ளைப் பங்கிட்ட முறையைச் சொல்ல முடிந்த காலம் அது.

எல்லாம் மாறிய நாள்: 1937 அக்டோபர் 1

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் அமலுக்கு வந்த மாவட்டம் எது தெரியுமா? சேலம். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்த பழைய சேலம். 1937 ஜூலையில் மாகாணப் பிரதமரான ராஜாஜி, அக்டோபர் 1-ம் தேதி தன் சொந்த மாவட்டத்திலேயே கள், சாராயக் கடைகளை மூடினார்.

இது திடீர் முடிவில்லை. ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தவர், சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். 1925-ல் திருச்செங்கோடு பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவர். அங்கிருந்து 1929-ல் மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை வந்தது. அதில் துணையாக இருந்து வேலை பார்த்தவர் கல்கி. பின்னாளில் 'பொன்னியின் செல்வன்' எழுதிய அதே கல்கி, திருச்செங்கோட்டுப் புழுதியில் உட்கார்ந்து குடிக்கு எதிராக எழுதிக்கொண்டிருந்தார். அதற்கும் முன்னால், பெரியார் காங்கிரஸில் இருந்த காலத்தில், சேலம் தாதம்பட்டியில் இருந்த தன் தென்னைகளைக் கள் இறக்கக் கூடாது என்பதற்காக வெட்டிச் சாய்த்தார்.

மூடியதால் போன வருமானத்தை ஈடுகட்ட ராஜாஜி அரசு 1939-ல் விற்பனை வரியைக் கொண்டு வந்தது. இன்று நாம் கடையில் பில் போடும்போது கட்டும் வரிக்கு ஒரு பாட்டன், சேலத்துக் கள்ளுக்கடை மூடியதில் பிறந்தவர்.

1948-ல் மதுவிலக்கு மாகாணம் முழுக்க வந்தது. 1971-ல் கருணாநிதி ஆட்சியில் விலக்கப்பட்டது, 1974-க்குள் மறுபடி கடைகள் மூடின. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தன. 1987 முதல் கள்ளுக்குத் தடை. 1991-ல் ஜெயலலிதா மலிவுவிலை மதுவை நிறுத்தினார். 2003 நவம்பரில் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்கு வந்தது.

ஆனால் சட்டம்? அது மாறவில்லை. பெயர் மட்டும் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. எத்தனையோ திருத்தங்களோடு, இன்றும் அதே சட்டம்தான். இன்று காலை நாமக்கல்லில் ஒரு சந்துக்கடைக்காரர் மீது வழக்குப் பதிவானால், அது ராஜாஜி சேலத்துக்காகக் கொண்டு வந்த சட்டத்தில்தான். உலகத்திலேயே மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் இவ்வளவு மது விற்கும் அரசு வேறு இருக்குமா என்று தெரியவில்லை. 2024-25-ல் டாஸ்மாக் மூலம் வந்த வருவாய் 48 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்.

'டாஸ்மாக்'கில் மது எங்கே?

அந்தப் பெயரைப் பிரித்துப் பாருங்கள். தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம். இதில் மது என்ற சொல்லே இல்லை! 1983-ல் மொத்த விற்பனைக்காக வைத்த ஆங்கிலப் பெயரின் சுருக்கம், இன்று தமிழில் குடிக்கும் இடத்துக்கே பொதுப்பெயர் ஆகிவிட்டது. கொங்குப் பக்கம் பெரியவர்கள் இன்னும் 'பிராந்திக் கடை' என்பார்கள், அது எவ்வளவோ நேர்மை.

இப்போது நம் புழக்கத்தில் இருக்கும் சொற்களைப் பாருங்கள். குவார்ட்டர் என்றால் 180 மி.லி. ஆஃப், ஃபுல், நைன்ட்டி. எல்லாமே அளவு. ராவா, மிக்ஸிங், சைடிஷ். பிறகு நேராக மப்பு, டைட், மட்டை, ஃபிளாட். அளவிலிருந்து விழுவது வரை ஒரே தாவல். நடுவில் உட்கார்ந்து பேசும் இடத்துக்கு ஒரு சொல்லும் இல்லை. கம்பி போட்ட ஜன்னலில் கையை நீட்டி வாங்கிப் பழகிய மொழி இப்படித்தான் இருக்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு, 'கட்டிங்'. முழு குவார்ட்டருக்குக் காசில்லாத ஒருவர், அதே நிலையில் இருக்கும் இன்னொருவரோடு பாதிப் பாதி போட்டு வாங்குவது. முன்பின் தெரியாதவர்களாகவும் இருக்கலாம். ஜப்பானில் பில்லைப் பங்கு போடுவதற்கு 'வரிகான்' என்று பெயர், இங்கே பாட்டிலையே பங்கு போடுகிறோம். அதியமான் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. 2010-ல் 'வ' என்று ஒரு படம் வந்ததே, குவார்ட்டர் கட்டிங் என்ற துணைத்தலைப்போடு? தமிழ்ப் பெயர் வைத்தால் வரிவிலக்கு என்பதால் அந்த ஓரெழுத்து. பழந்தமிழ் எண் குறியீட்டில் 'வ' என்றால் கால், அதாவது குவார்ட்டர்! தமிழ் பி.ஏ. படித்ததற்கு நான் அடைந்த பயன்களில் இந்த ஜோக் புரிந்ததும் ஒன்று.

அடுத்தது 'மனமகிழ் மன்றம்'. உறுப்பினர்களுக்கு மது பரிமாற எஃப்.எல்.2 உரிமம் பெற்ற கிளப்புகளின் தமிழ்ப் பெயர் இது. ஜப்பானியர்களும் கேளிக்கைப் பகுதிகளை 'கன்ராகுகாய்' என்கிறார்கள், 'மகிழ்ச்சி இன்பத் தெரு' என்று பொருள். எங்கேயும் அரசாங்க மொழிக்குக் கொஞ்சம் வெட்கம் உண்டு போல.

கள், பதநீர், தெளுவு: நடுவில் கொஞ்சம் சுண்ணாம்பு

பனையிலிருந்து சொட்டும் நீர் ஒன்றுதான். பானைக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் புளிக்காது. அது பதநீர், கொங்குத் தமிழில் தெளுவு. சுண்ணாம்பு தடவாவிட்டால் தானாகப் புளித்துக் கள்ளாகிவிடும். தெளுவு விற்றால் வியாபாரி, கள் விற்றால் குற்றவாளி. 2017-ல் எடப்பாடி பழனிசாமி அரசு தென்னையிலிருந்து 'நீரா' இறக்க அனுமதி தந்தது. கள்ளுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

கள் உணவுப் பொருள், அதைத் தடை செய்ய முடியாது என்று தமிழ்நாடு கள் இயக்கத்தின் நல்லசாமி வருடக்கணக்காகச் சொல்லி வருகிறார். 2025 ஜூனில் தூத்துக்குடி மாவட்டத்தில் சீமான் பனையேறிக் கள் இறக்கிப் போராடினார். பக்கத்துக் கேரளாவில் கள்ளுக்கடை மீன்குழம்போடு உரிமம் பெற்று நடக்கிறது. அதையே இங்கும் அனுமதித்தால் கலப்படம் வரும் என்பது எதிர்வாதம். அதிலும் பொருள் இருக்கிறது. ஆனால் பாட்டில் பிராந்தியை அரசே விற்றுக்கொண்டு கள்ளை மட்டும் தடுப்பதற்கு இன்றுவரை எந்த ஆட்சியும் தெளிவான காரணம் சொன்னதாக எனக்குப் படவில்லை.

இன்னொரு குழப்பம். 'கள்ளச்சாராயம்' என்பதில் கள் கிடையாது. அது களவு, கள்ளம் என்பதில் வரும் 'கள்ள'.

மதுப்பிரியர் யார்? குடித்து இறந்தவர் யார்?

இங்கேதான் எங்களைப் போல செய்தி எழுதுகிறவர்களின் பங்கு வருகிறது. 2023 மே மாதம் மரக்காணம், மதுராந்தகம் பகுதிகளில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அவர்கள் குடித்தது கள்ளச்சாராயம் அல்ல, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று காவல்துறை விளக்கம் கொடுத்தது. 'விஷச்சாராயம்' என்ற சொல் செய்திகளில் கூடியது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலரை சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குத்தான் கொண்டு வந்தார்கள்.

விஷம் என்றால் யாரோ கலந்த குற்றம். கள்ளம் என்றால் விற்கவிட்ட குற்றமும் சேர்ந்து வரும். ஒரு சொல்லை மாற்றினால் பொறுப்பு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

கல்வராயன் மலையிலிருந்து வரும் செய்திகளில் 'சாராய ஊறல் அழிப்பு' என்று இருக்கும். ஊறல், பேரல், லாரி டியூப் என்று அந்த உலகத்துக்குத் தனிச் சொற்கள். அதைக் குடித்தவர் செய்தியில் 'சாராயம் குடித்தவர்'. டாஸ்மாக் வரிசையில் நிற்பவரோ 'மதுப்பிரியர்', கொஞ்சம் கிண்டல் வேண்டுமென்றால் 'குடிமகன்'. ஒருவருக்குப் பிரியம், இன்னொருவருக்குக் குற்றம். இரண்டு பேருக்கும் பொருந்தும் 'குடிநோயாளி' என்ற சொல்லைப் போதை மீட்பில் வேலை செய்பவர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்துகிறார்கள். தலைப்பில் அது சுவாரசியமாக இருக்காது என்பதால் நாங்கள் அதிகம் தொடுவதில்லை. தொட்டிருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

கள்ளக்குறிச்சிக்குப் பிறகு, 2024 ஜூன் 29-ல் சட்டசபையில் அதே 1937 சட்டத்துக்குத் திருத்தம் வந்தது. கள்ளச்சாராயத்தால் உயிரிழப்பு ஏற்பட்டால் ஆயுள் தண்டனை, 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் வரை போகலாம். சந்துக்கடை அந்த அளவுக் குற்றமில்லை, டாஸ்மாக் பாட்டிலை வைத்து விற்பது என்பதால் கைதாகிறவர் சில நாளில் வெளியே வந்துவிடுகிறார் என்பதுதான் மனு கொடுக்க வரும் பெண்களின் முக்கியப் புகார்.

உங்கள் தெருவில் இப்படி விற்பனை நடந்தால் 10581 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம். கலெக்டர் ஆபீஸ் மனுவில் 'அரசு மதுபானங்களைச் சட்டவிரோதமாகப் பதுக்கி விற்பனை' என்று எழுதித் தருவார்கள். போனில் அவ்வளவு நீட்ட வேண்டாம். சேலம், நாமக்கல்லில் 'சந்துக்கடை' என்று சொன்னாலே எதிர்முனையில் இருப்பவருக்குப் புரியும்.